கசான் விழுந்தது எப்படி? 1552 முற்றுகையும் அதற்கு முந்தைய கணக்குகளும்

கேள்வி இதுதான்: "மாஸ்கோவின் ஜார் நான்காம் இவான் 1552-ல் கசான் கானேட்டைப் பிடித்தார். அதே இவான் அதற்கு முன் இரண்டு முறை படையோடு போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். மூன்றாம் முறை மட்டும் எப்படி முடிந்தது? பீரங்கி கூடியதுதான் காரணமா?"

பீரங்கி கூடியது உண்மை. ஆனால் கசானின் மதிலைத் திறந்தது பீரங்கிக் குண்டு அல்ல, மண்ணுக்கடியில் உருட்டி வைத்த வெடிமருந்துப் பீப்பாய்கள். அந்தப் பீப்பாய்களையும் அவற்றைக் கொண்டுவந்தவர்களுக்கான சோற்றையும் கசானுக்குப் பக்கத்திலேயே சேர்த்து வைக்க ஓர் இடம் 1551-ல் கிடைத்தது. என் கணிப்பில் போரின் முடிவு அந்த ஆண்டிலேயே பாதிக்கு மேல் எழுதப்பட்டுவிட்டது. (கீழே வரும் தேதிகள் அன்று ரஷ்யாவில் வழங்கிய ஜூலியன் நாட்காட்டிப்படி. இன்றைய கணக்குக்குப் பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் கசான் எது என்று பார்த்துவிடலாம். மங்கோலியர் வழிவந்த தங்கக் கூட்டம் உடைந்தபோது அதன் துண்டுகளாகப் பல முஸ்லிம் கானேட்டுகள், அதாவது கான் என்ற பட்டம் கொண்ட மன்னர்கள் ஆண்ட அரசுகள், எழுந்தன. கிரிமியா ஒன்று, அஸ்த்ராகான் ஒன்று, வோல்கா நதியின் நடுப்பகுதியில் கசான் ஒன்று. கசானின் ஆட்சியாளர்கள் தாத்தார்கள்; குடிமக்களில் சுவாஷ், மாரி, உத்மூர்த், மோர்த்வின் இனத்தவரும் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். 1445-ல் சுஸ்தால் அருகே நடந்த போரில் மாஸ்கோவின் இரண்டாம் வாசிலியைச் சிறைபிடித்து, பெரும் மீட்புப் பணம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1487-ல் மூன்றாம் இவான் கசானைப் பிடித்துத் தனக்கு வேண்டிய முகம்மது அமீனைக் கானாக அமர்த்தினார். அவரும் 1505-ல் மாஸ்கோவுக்கு எதிராகத் திரும்பினார்.

அதன்பின் கசான் அரியணையில் மாஸ்கோ கட்சி, கிரிமியக் கட்சி என்று மாறி மாறி ஆட்கள் ஏறி இறங்கினார்கள். மாஸ்கோவின் ஆள் பெரும்பாலும் ஷா அலி. இவர் மாஸ்கோவுக்கு அடங்கிய காசிமோவ் சிற்றரசிலிருந்து வந்த தாத்தார். கிரிமியாவின் ஆள் சஃபா கிரே. ஆகவே இதை "கிறிஸ்தவர் எதிர் முஸ்லிம்" என்ற ஒரே கோட்டில் வரைந்தால் படம் பிசகும். 1552-ல் மாஸ்கோ படையிலேயே காசிமோவ் தாத்தார்கள் குதிரையேறி வந்தார்கள். ஆனால் வெற்றிக்குப் பிறகு மாஸ்கோ திருச்சபை அதை மதப்போராகவே எழுதி வைத்தது. இரண்டும் உண்மை.

மாஸ்கோவுக்கு ஏன் இவ்வளவு வேகம்? கசான் படைகள் எல்லை ஊர்களில் புகுந்து ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்றது ஒரு காரணம், அது வெறும் சாக்கு அல்ல. வோல்கா வணிகப் பாதை இன்னொன்று. நிலப்பசி மூன்றாவது. போர்ச்சேவை செய்யும் சிறு பிரபுக்களுக்குக் கொடுக்க மாஸ்கோவிடம் நல்ல நிலம் போதவில்லை. கசான் மண்ணோ கொழுத்த கருமண். அது நட்பு நாடாக இருந்தாலும்கூட அப்படிப்பட்ட நிலத்தை விட்டுவைக்கக் கூடாது என்று இவானுக்கே ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது அந்த இரண்டு தோல்விகள்.

இரண்டுமே குளிர்காலப் படையெடுப்புகள். குளிர்காலத்தைத் தேர்ந்ததில் அர்த்தம் இருந்தது. மாஸ்கோவிலிருந்து கசான் நேர்கோட்டில் சுமார் 700 கி.மீ.; இடையில் காடு, சதுப்பு, குறுக்கே ஓடும் ஆறுகள். பனி உறைந்தால் சதுப்பும் ஆறும் சாலையாகிவிடும், பீரங்கியைச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுக்கலாம். கிரிமியக் குதிரைப்படை தெற்கிலிருந்து முதுகில் குத்துவதும் பெரும்பாலும் புல் முளைத்த பிறகுதான்.

சிக்கல் என்னவென்றால், பனி சொன்னபடி கேட்காது. 1547 டிசம்பரில் கிளம்பிய இவான், 1548 பிப்ரவரியில் நிஸ்னி நோவ்கொரோத்தைத் தாண்டியதும் திடீர் உருகலில் சிக்கினார். வோல்காவின் பனிக்கு மேலே தண்ணீர் நின்றது, பனி உடைந்து பீரங்கிகளும் ஆட்களும் ஆற்றுக்குள் போனார்கள். ஜார் திரும்பிவிட்டார். பெரிய பீரங்கி இல்லாமல் கசான் வரை போன படைப்பிரிவு ஏழு நாள் நின்றுவிட்டு வந்தது. இரண்டாம் முறை, 1550 பிப்ரவரியில், பீரங்கியோடு கசான் மதில் வரைக்கும் வந்தே விட்டார்கள். பதினொரு நாள் முற்றுகை. மறுபடி உருகல், விடாத மழை. வெடிமருந்து நனைந்தால் பீரங்கி வெறும் உலோகக் குழாய். அதைவிடப் பெரிய பயம், ஆறுகள் உடைந்து ஓடத் தொடங்கினால் திரும்பிப் போக வழியே இருக்காது என்பது.

குளிர்காலத்துக்கு இன்னொரு கோளாறும் உண்டு, தீவனம். போர்க்குதிரை ஒன்றுக்கு நாளைக்குப் பத்துக் கிலோ உலர்தீவனம் என்று வையுங்கள். ஐம்பதாயிரம் குதிரைக்கு ஒரு நாளைக்கு 500 டன். கோடையில் இதில் பெரும்பகுதியை மேய்ச்சல் நிலம் பார்த்துக்கொள்ளும். பனிக்காலத்தில் அத்தனையையும் வண்டியில் இழுக்க வேண்டும், இழுக்கும் குதிரைக்கும் தீவனம் வேண்டும். எனவே குளிர்காலத்தில் பெரும்படை கசான் முன்னால் வாரக்கணக்கில் நிற்கவே முடியாது. அந்த மதிலோ பத்துப் பதினைந்து நாளில் விழக்கூடியதல்ல.

தீர்வு கோடையில் போவது, பக்கத்தில் ஒரு கிடங்கு வைத்துக்கொள்வது. 1523-லேயே சூரா ஆற்று முகத்தில் வாசில்சூர்ஸ்க் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். ஆனால் அது கசானிலிருந்து 200 கி.மீ. தள்ளி இருந்தது, பயன்படவில்லை. 1550-ல் தோற்றுத் திரும்பும் வழியில் ஸ்வியாகா ஆறு வோல்காவில் சேரும் இடத்தில் தனித்து நிற்கும் ஒரு வட்டக் குன்று இவானின் கண்ணில் பட்டது. கசானிலிருந்து 30 கி.மீ.கூட இல்லை. அங்கே கோட்டை கட்டுவது என்று முடிவாயிற்று.

கட்டிய விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிரியின் வாசலில் போய் மரம் வெட்டி, செதுக்கி, அடுக்கிக்கொண்டிருந்தால் முடிப்பதற்குள் குதிரைப்படை வந்து கொளுத்திவிடும். அதனால் 1550–51 குளிர்காலத்தில், வோல்காவின் மேல்பகுதியில் உக்லிச் பக்கத்துக் காடுகளில் மரம் வெட்டினார்கள். பொறுப்பு இவான் வீரோத்கோவிடம். மதில், கோபுரம், தேவாலயம் எல்லாவற்றையும் அங்கேயே பொருத்திப் பார்த்து, கட்டைகளுக்கு அடையாளம் இட்டு, மறுபடி பிரித்து, பனி உருகியதும் ஆற்றோடு மிதக்க விட்டார்கள். முன்கூட்டியே ஒரு படைப்பிரிவு இளவரசர் செரெப்ரியானி தலைமையில் விரைந்து, மே 18 அன்று கசானின் புறநகரைத் திடீரென்று தாக்கியது. கசானின் கவனம் அந்தப் பக்கம் இருக்க, மே 24 முதல் குன்றில் வேலை தொடங்கியது. குன்றின் காட்டை வெட்டிச் சமப்படுத்திவிட்டுக் கட்டைகளைப் பொருத்தத் தொடங்கியபோது ஒரு பிசகு தெரிந்தது. குன்றின் சுற்றளவுக்குக் கொண்டுவந்த மரம் பாதிக்குத்தான் காணும்! மீதியை அங்கேயே வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் நான்கு வாரத்தில் கோட்டை நின்றுவிட்டது. அதுதான் ஸ்வியாஷ்ஸ்க்.

கோட்டை எழுந்ததும் நடந்தவை கோட்டையைவிட முக்கியம். வோல்காவின் வலக்கரையில் வாழ்ந்த சுவாஷ், மலை மாரி மக்கள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து மாஸ்கோவுக்கு விசுவாசம் செலுத்த வந்தார்கள். மூன்று வருட வரி விலக்குக் கொடுத்து, கையோடு ஒரு சோதனையும் வைத்தார்கள்: போய்க் கசான் மேல் சண்டையிட்டுக் காட்டுங்கள் என்று. போனார்கள், கசானின் பீரங்கி முன் நிற்க முடியாமல் நூறு பேர் வரை இழந்து ஓடிவந்தார்கள். தோற்றாலும் பரவாயில்லை, இனி அவர்களுக்கும் கசானுக்கும் நடுவே இரத்தம் வந்துவிட்டது என்பதுதான் மாஸ்கோ தளபதிகளுக்கு வேண்டியிருந்தது. ஒரே கோடையில் கானேட்டின் பாதி நிலம் கைமாறியது. வோல்கா, காமா, வியாத்கா துறைகளில் துப்பாக்கிப் படையும் கொசாக்குகளும் நின்று படகுகளை மறித்தார்கள்.

அந்த நேரம் கசானில் ஆள் இல்லாத அரியணை. சஃபா கிரே 1549-ல் இறந்துவிட்டார். சிறு குழந்தையான மகன் உத்தெமிஷ் பெயருக்குக் கான்; ஆண்டது தாய் சுயும்பிகே. மறியல் இறுகியதும் கசான் பிரபுக்கள் கிரிமியக் காவலர்களைக் கழற்றிவிட்டு, 1551 ஆகஸ்டில் சுயும்பிகேயையும் குழந்தையையும் மாஸ்கோவிடம் ஒப்படைத்து, ஷா அலியை மறுபடி கானாக ஏற்றார்கள். சிறைபட்டிருந்த ரஷ்யர்கள் விடுதலையானார்கள். மாஸ்கோ வரலாற்றேடு 60,000 பேர் என்கிறது. எண் மிகையாக இருக்கலாம், ஆனால் ஆள்கடத்தல் எவ்வளவு பெரிய தொழிலாக இருந்தது என்பது தெரிகிறது.

வாள் எடுக்காமலே கசான் கைக்கு வந்திருக்க வேண்டிய கட்டம் இது. கெடுத்தது மாஸ்கோவின் பிடிவாதம். வலக்கரை நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் நான் இங்கே ஆள முடியும் என்று ஷா அலியே கேட்டார், மாஸ்கோ மறுத்துவிட்டது. பாதி நாட்டைப் பறிகொடுத்த கானை யார் மதிப்பார்கள்? சதி செய்தவர்கள் என்று எழுபது பிரபுக்களை ஒரு விருந்தில் அவர் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1552 மார்ச்சில் அவரை விலக்கி, மாஸ்கோவின் ஆளுநரை நேரடியாக உட்கார்த்த ஏற்பாடு நடந்தது. ஆளுநர் நகரை நெருங்கும்போது, முன்னால் போன சில பிரபுக்கள் "ரஷ்யர்கள் எல்லோரையும் வெட்டப்போகிறார்கள்" என்று சொல்ல, கதவுகள் மூடிக்கொண்டன. அஸ்த்ராகான் வம்சத்து யாதிகார் முகம்மதை அழைத்து வந்து கானாக்கினார்கள். அந்த வசந்தத்தில் ஸ்வியாஷ்ஸ்க் காவற்படையிலும் காய்கறியில்லா உணவால் ஸ்கர்வி நோய் பரவிச் சாவு விழுந்தது. வலக்கரை மக்களில் ஒரு பகுதியினர் மறுபடி கசான் பக்கம் சாய்ந்தார்கள். கிடங்கு இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் இருப்பவன் உயிரோடு இருக்க வேண்டும்.

ஜூன் 16 அன்று இவான் மாஸ்கோவிலிருந்து கிளம்பினார். நேராகக் கிழக்கே போகவில்லை. கிரிமியக் கான் தவ்லத் கிரே வரக்கூடும் என்று முதலில் தெற்கே கொலோம்னாவில் படையை நிறுத்தினார். நினைத்தபடியே, ஆட்டோமான் பீரங்கிகளோடு வந்த தவ்லத் கிரே துலா கோட்டையைத் தாக்கி முறியடிக்கப்பட்டார். முதுகு பத்திரமானதும் ஜூலை 3 அன்று படை இரண்டு வரிசையாகப் பிரிந்து, ஒன்று முரோம் வழியாகவும் மற்றது ரியாசான் வழியாகவும் நடந்தது. தெற்கு வரிசை நடுவில் வேலிபோல் போனதால் நோகாய் மேய்ப்பர் படைகளும் குறுக்கே வர முடியவில்லை. நோகாய்களுக்குள்ளும் பிளவு இருந்தது. சுயும்பிகேயின் தந்தை யூசுஃப் மாஸ்கோவுக்கு எதிரி, அவருடைய தம்பி இஸ்மாயில் மாஸ்கோவின் கூட்டாளி. கசானுக்கு வந்த நோகாய் உதவி 2,700 குதிரைவீரர்கள் என்று ஏடு சொல்கிறது, அவ்வளவுதான்.

பீரங்கி, வெடிமருந்து, தானியம் மூன்றும் சாலையில் வரவில்லை, வோல்காவில் படகில் வந்தன. அதனால் நடந்து வந்த படை இலேசாக வந்தது, பசியோடும் வந்தது. படைத்தளபதிகளில் ஒருவரான அந்திரேய் குர்ப்ஸ்கி, காட்டு வழியில் மீனும் வேட்டை இறைச்சியும் தின்று ரொட்டிக்கு ஏங்கியதையும், ஆகஸ்ட் 13 வாக்கில் ஸ்வியாஷ்ஸ்க் போய்ச் சேர்ந்தது சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்ததையும் எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்து படகில் அனுப்பிய உணவுப்பொருள் காத்திருந்தது. எண்ணற்ற வணிகர்கள் கடை விரித்திருந்தார்கள். முந்தைய இரண்டு படையெடுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

படை எத்தனை? ஏடுகள் 150,000 ஆட்கள், 150 பீரங்கி என்கின்றன. ஆள் எண்ணிக்கையை இன்றைய ஆய்வாளர் பலர் நம்புவதில்லை, நன்றாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மேலே போட்ட தீவனக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் அது சரியாகவே படுகிறது. 1550-ல் புதிதாக அமைத்த ஸ்த்ரெல்த்ஸி எனும் நிரந்தரத் துப்பாக்கிப் படை தொடக்கத்தில் 3,000 பேர் மட்டுமே. ஆனால் அகழிக்குள் இறங்கி நின்று சுடத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கசானுக்குள் 30,000 பேர் இருந்ததாக ஏடு சொல்கிறது.

கசான் கோட்டை அமைந்த இடம் முற்றுகையிடுபவனுக்குத் தலைவலி. வடக்கே கசாங்கா ஆறு, மேற்கே புலாக் கால்வாய், இரண்டு பக்கமும் செங்குத்துச் சரிவு. ஏறக்கூடிய பக்கம் அர்ஸ்க் சமவெளியைப் பார்த்த கிழக்கு, தென்கிழக்கு. அங்கே ஆழமான அகழி. மதில் கல் அல்ல, இரண்டு வரிசை ஓக் மரச் சுவர், நடுவே கல்லும் மண்ணும் திணித்தது. மரம் என்றால் இளப்பமாக நினைக்கக் கூடாது. கல் மதில் குண்டு பட்டால் விரியும், சரியும். இந்த மதில் குண்டை விழுங்கிவிடும். மேலே கொஞ்சம் சிதறும், மண் அப்படியே நிற்கும், இரவில் ஆட்கள் அடைத்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 23 அன்று முற்றுகை வளையம் மூடியது. அதற்கு முன்பே ஓர் உத்தரவு போயிருந்தது: பத்து ஆளுக்கு ஒரு 'தூரா', ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மரக்கட்டை தயாராக வேண்டும். தூரா என்பது மிலாறு பின்னி மண் நிரப்பும் பெரிய கூடை. கூடைகளை வரிசையாக நிறுத்தி, இடைவெளியைக் கட்டையால் அடைத்தால் உடனடி அரண் ஆகிவிடும், அதன் மறைவில் பீரங்கியை நகர்த்தலாம். ஆகஸ்ட் 26 இரவு மாஸ்கோ தளபதி வொரொதின்ஸ்கியின் ஆட்கள் இந்தக் கூடைகளை அர்ஸ்க் வாயிலுக்கு எதிரே உருட்டிக்கொண்டு போய் நிறுத்தியபோது விடியும்வரை கைகலப்பு நடந்தது.

தொடக்கமே சரியில்லை. ஓரிரு நாளில் அடித்த புயலில் கூடாரங்கள் கிழிந்தன, வோல்காவில் நின்ற சரக்குப் படகுகள் பல உடைந்து மூழ்கின. முந்தைய முறைகளாக இருந்தால் இத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். இந்த முறை ஸ்வியாஷ்ஸ்க் கிடங்கிலிருந்து மாற்றுச் சரக்கு வரவழைத்து, குளிர்காலம் முழுவதும் இங்கேயே தங்குவோம் என்று சொல்லி, அதற்கான உடுப்புக்கும் உத்தரவு போட்டார் ஜார்.

அடுத்த தொல்லை வெளியிலிருந்து. கசானின் தற்காப்புத் திட்டம் புத்திசாலித்தனமானது. படையில் ஒரு பகுதியை உள்ளே வைக்காமல் இளவரசர் யபன்சா தலைமையில் அர்ஸ்க் காட்டுக்குள் நிறுத்தினார்கள். கோட்டைக் கோபுரத்தில் பெரிய கொடியை ஆட்டினால் அதுதான் சைகை. காட்டிலிருந்து குதிரைப்படை முதுகில் பாயும், அதே நொடி கோட்டைக் கதவு திறந்து உள்ளிருப்பவர்கள் முன்னால் பாய்வார்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடினோம் என்று குர்ப்ஸ்கி புலம்புகிறார். ஆகஸ்ட் 30 அன்று மாஸ்கோ தளபதி கொர்பாத்தி ஷுய்ஸ்கி ஒரு பொறி வைத்தார். பெரும்படையை மறைத்துவிட்டு, சிறு பிரிவைக் காட்டி ஓடுவதுபோல் ஓடவிட்டார். யபன்சாவின் ஆட்கள் துரத்திக்கொண்டு திறந்த வெளிக்கு வந்ததும் திரும்பிப் போகும் வழி மூடப்பட்டது. 340 பேர் பிடிபட்டார்கள். சரணடையச் சொல்லி நகரத்தாருக்கு அவர்களைக் காட்டி, பயனில்லாமல் போனதும் கொன்றார்கள். அடுத்த வாரம் அதே கொர்பாத்தி அர்ஸ்க் ஊர் வரை பத்து நாள் சூறையாடிவிட்டு வந்தார். முகாமில் மாட்டு விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. கசானுக்கு வெளியுதவி என்பது அத்தோடு தீர்ந்தது.

இனி சுரங்கம். ஏடுகள் 'ரஸ்மிஸ்ல்' என்று மட்டும் குறிப்பிடும் ஒரு வெளிநாட்டுப் பொறியாளர் இந்த வேலையை நடத்தினார். முற்றுகைச் சுரங்கத்தின் தத்துவம் எளிது, செய்வது கடினம். பதுங்கு குழிக்குள் இருந்து தொடங்கி, மதிலுக்கு அடியில் போய்ச் சேரும்வரை குடைய வேண்டும். கூரை சரியாமல் மரச்சட்டம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். தோண்டிய மண்ணை எதிரி பார்க்காமல் கொட்ட வேண்டும், புது மண் குவியல் காட்டிக்கொடுத்துவிடும். திசை சில அடி தவறினால் வெற்று நிலம்தான் வெடிக்கும். மேலே இருப்பவன் காதை மண்ணில் வைத்துக் கேட்டு எதிர்ச்சுரங்கம் தோண்டினால் இருட்டுக்குள் கத்திக்குத்து. நீரூற்று குறுக்கிட்டால் எல்லாம் வீண். முனையில் பீப்பாய்களை அடுக்கியபின் பின்பக்கத்தை மண்ணும் கட்டையும் கொண்டு இறுக்கமாக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் வெடியின் வேகம் மேலே போகாமல் வந்த வழியே வெளியேறும்.

முதல் இலக்கு மதில் அல்ல, தண்ணீர். கசான்காரர்கள் கசாங்கா கரையிலிருந்த ஊற்றுக்கு மண்ணுக்கடியில் ரகசிய வழி வைத்திருந்தார்கள். கோட்டையிலிருந்து தப்பி வந்த கமாய் மிர்சா உள்விவரம் சொன்னவர்களில் ஒருவர். பக்கத்தில் இருந்த கல் குளியல்கூடத்தை ஏற்கெனவே பிடித்திருந்தார்கள். அதற்குள்ளிருந்தே தோண்டினார்கள், வெளியே எதுவும் தெரியவில்லை. தண்ணீர் எடுப்பவர்களின் பேச்சுக்குரல் தலைக்கு மேலே கேட்கும் இடம் வரை போனார்கள். செப்டம்பர் 4 அன்று பதினொரு பீப்பாய் வெடிமருந்து வெடித்தது. ரகசிய வழி நொறுங்கியது, மேலே மதிலின் ஒரு பகுதியும் சரிந்தது. உள்ளே புதிதாகத் தோண்டிய இடங்களில் கிடைத்ததோ நாற்றமடிக்கும் கொஞ்சம் தண்ணீர். அதைக் குடித்து உடல் வீங்கிச் செத்தவர்கள் உண்டு. அப்போதும் சரணடையவில்லை.

இன்னொரு பக்கம், ஸ்வியாஷ்ஸ்க் கட்டிய அதே வீரோத்கோவ் ஒரு நகரும் மரக்கோபுரம் செய்தார். உயரம் ஆறு சாஜென், ஏறத்தாழ 13 மீட்டர், மதிலைவிட உயரம். தூரத்தில் வைத்துக் கட்டி, ஒரே இரவில் அகழியருகே உருட்டி நிறுத்தினார்கள். மேலே பத்துப் பெரிய பீரங்கி, ஐம்பது சிறு பீரங்கி. மதிலை உடைக்க அல்ல, மதிலைத் தாண்டித் தெருவைப் பார்த்துச் சுட. மதில் மேல் நின்றவர்களால் தலைகாட்ட முடியாமல் போனது, அதன் நிழலில் அகழி நிரப்பும் வேலை நடந்தது.

செப்டம்பர் 30 அன்று வொரொதின்ஸ்கியின் ஆட்கள் அர்ஸ்க் கோபுரத்தைப் பிடித்து அதிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அப்போதே உள்ளே பாய்ந்திருக்கலாம் என்று அவர் நினைத்தார். மற்ற பிரிவுகள் தயாராக இல்லை. ஜார் காத்திருக்கச் சொன்னது சரி என்றே நினைக்கிறேன், ஒரு முனையில் மட்டும் நுழைந்த படையை உள்ளே சுற்றி வளைப்பது எளிது.

அக்டோபர் 2, ஞாயிறு. பெரிய சுரங்கங்கள் இரண்டு, மொத்தம் 48 பீப்பாய். விடியும் நேரத்தில் அடுத்தடுத்து வெடித்தன. மதில் கட்டைகள், ஆட்கள், மண் எல்லாம் வானத்தில் பறந்தன. எல்லா வாயில்களையும் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். சுரங்கம் வைக்காத பக்கங்களில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. நெருங்கி வரும்வரை சுடாமல் இருந்து, வந்ததும் அம்பும் குண்டும் கொதிக்கும் கீலும் உருட்டுக்கட்டைகளும் மேலிருந்து இறங்கின.

உடைப்பு வழியாக உள்ளே போனதும், வென்ற படைகளுக்கு எப்போதும் வரும் நோய் வந்தது, கொள்ளை. முகாமில் காயம்பட்டதாகப் படுத்திருந்தவர்களும் செத்ததுபோல் கிடந்தவர்களும் எழுந்து ஓடினார்கள், சமையல்காரர், குதிரைக்காரர், சரக்கு கொண்டுவந்த வணிகர் எல்லோரும் நகருக்குள் புகுந்தார்கள் என்று குர்ப்ஸ்கி கசப்போடு எழுதுகிறார். முன்வரிசையில் சண்டையிட்டவர்கள் மெலிந்து போனதைப் பார்த்த கசான்காரர்கள் திருப்பித் தாக்கினார்கள். மூட்டையோடு இருந்தவர்கள் அலறிக்கொண்டு மதிலேறிக் குதித்தார்கள். மூன்றாம் தோல்வி சில நிமிடத் தூரத்தில் இருந்தது. ஜாரின் கொடியை வாயிலருகே கொண்டுபோய் நட்டு, ஜாரின் சொந்தப் பிரிவில் பாதியைக் குதிரையிலிருந்து இறக்கி உள்ளே அனுப்பியபின்தான் நிலை திரும்பியது. கையில் தொடாத படை ஒன்று மிச்சம் வைத்திருந்தது அன்று காப்பாற்றியது.

பள்ளிவாசல் அருகே இமாம் குல் ஷரீஃப் தன் மாணவர்களோடு கடைசிவரை சண்டையிட்டு இறந்தார். அரண்மனை முற்றத்தில் இன்னும் ஒரு சண்டை. பிறகு பிரபுக்கள் கான் யாதிகாரை ஒப்படைத்துவிட்டு, "அரசு இருந்தவரை அரசனுக்காகப் போராடினோம், இனி வெளியில் வந்து கடைசிக் கோப்பையைக் குடிக்கிறோம்" என்ற பொருளில் சொல்லிவிட்டு, சுமார் 6,000 பேர் மதிலிலிருந்து இறங்கிக் கசாங்காவைக் கடந்தார்கள். வழிமறித்த குர்ப்ஸ்கி படுகாயமடைந்தார். காட்டை எட்டியவர்கள் கொஞ்சமே. நகரில் ஆயுதம் ஏந்தும் ஆண்கள் வெட்டப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் சிறைபட்டார்கள். யாதிகார் மறு ஆண்டு சிமியோன் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார்.

கசானுக்குப் போகிறவர்கள் கேட்கும் கதை ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவானைக் கட்ட மறுத்து சுயும்பிகே கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதாக வழிகாட்டிகள் சொல்வார்கள். முற்றுகைக்கு ஓராண்டு முன்பே அவர் மாஸ்கோவில் இருந்தார். பிறகு ஷா அலிக்குக் கட்டிவைக்கப்பட்டார். அவர் பெயரில் இன்று நிற்கும் ஏழடுக்குக் கோபுரமும் 1552-க்கு வெகுகாலம் பிந்தையது.

நகரம் விழுந்ததும் இவான் பத்து நாளுக்குள் கிளம்பிவிட்டார். கொஞ்ச நாள் இருந்து ஒழுங்குபடுத்திவிட்டுப் போகலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்கவில்லை. அதன் விலை அந்தக் குளிர்காலத்திலேயே தெரிந்தது. வரி வாங்கப் போனவர்கள் கொல்லப்பட்டார்கள். 1553-ல் அடக்கப் போன ஒரு படையே பனிக்குள் சிக்கி அழிந்தது. மாரித் தலைவர் மமீச் பெர்தேய் உள்ளிட்டோர் நடத்திய போர் 1557 வரை நீண்டது. மதிலுக்கு உள்ளே ஆறு வாரத்தில் முடிந்தது காட்டுக்குள் ஐந்து வருடம் இழுத்தது, மாரி மக்களோடான சண்டைகள் 1580-கள் வரைக்கும் விட்டுவிட்டுத் தொடர்ந்தன. முறை எளிது, கொடூரம்: ஊரைக் கொளுத்து, தானியத்தை அழி, தலைவனைக் கொல், முக்கிய ஆற்றுத்துறைகளில் சிறு கோட்டை கட்டு.

தாத்தார்களைக் கோட்டையிலிருந்து வெளியேற்றி, கபான் ஏரிப் பக்கம் தனிக் குடியிருப்பில் வைத்தார்கள். நல்ல நிலம் ரஷ்யச் சிறு பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் போனது. 1555-ல் கசானுக்குத் தனிப் பேராயர் வந்தார். 1556 முதல் பிஸ்கோவ் நகரத்துக் கொத்தனார்கள் மரமதிலுக்குப் பதில் வெள்ளைக் கல் மதில் எழுப்பினார்கள்.

கடைசியாக, அஸ்த்ராகானும் இதேபோல் பெரும் முற்றுகையில் விழுந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை. 1554-ல் படகில் இறங்கிய ஒரு படை அங்கே தர்விஷ் அலியைக் கானாக அமர்த்தியது. அவர் கிரிமியா பக்கம் சாய்ந்ததும் 1556-ல் இரண்டாவது படை போனது. போனபோது நகரம் காலியாக இருந்தது. கசானும் ஸ்வியாஷ்ஸ்க்கும் கையில் இருந்ததால் வோல்கா முழுவதும் மாஸ்கோ படகுகளுக்குத் திறந்த வாய்க்கால். அந்தத் தொலைதூர நகரத்துக்குச் சுரங்கமும் தேவைப்படவில்லை, நகரும் கோபுரமும் தேவைப்படவில்லை.